டெபியனா, ஃபெடோராவா, ரோலிங்கா: உங்கள் கணினிக்கு எவ்வளவு புதுசு வேண்டும்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் என்று யாராவது ஒருவர் வாரம் தவறாமல் கூப்பிட்டு, "லினக்ஸ் போடலாம்னு இருக்கேன், எதைப் போடறது?" என்று கேட்கிறார்கள். லினக்ஸ் ஒன்றுதான், ஆனால் அதை டெபியன், ஃபெடோரா, உபுண்டு, மின்ட் என்று பலர் பலவிதமாகத் தொகுத்துத் தருகிறார்கள், ஒவ்வொரு தொகுப்பையும் டிஸ்ட்ரோ என்பார்கள். நான் இரண்டு கேள்வி திருப்பிக் கேட்பேன். மெஷின் எந்த வருஷம் வாங்கியது? அது ஒரு நாள் ஓடாமல் போனால் யாருக்கு நஷ்டம்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் முக்கால்வாசி முடிவு அங்கேயே வந்துவிடும், மீதி எல்லாம் எந்த வேலையை எந்த நாளில் செய்ய உங்களுக்குச் சௌகரியம் என்பதுதான்.

முதலில் 'ஸ்டேபிள்' என்ற சொல்லைப் பற்றிப் பேசிவிடலாம், பாதிக் குழப்பம் அதிலிருந்துதான் வருகிறது. ஸ்டேபிள் என்றால் கிராஷ் ஆகாது, ஹேங் ஆகாது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். டெபியன்காரர்கள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அர்த்தம் வேறு: இன்று எப்படி நடந்துகொள்கிறதோ அப்படியேதான் அடுத்த வருஷமும் நடந்துகொள்ளும், மாறாது. டெபியன் 12-இல் லிப்ரேஆபீஸ் 7.4 வந்தது என்றால் அந்த வெளியீடு இருக்கும்வரை 7.4-தான். அதில் ஒரு வழு இருந்தால், பாதுகாப்பைத் தொடுகிற வழுவாகவோ ரொம்ப மோசமான வழுவாகவோ இல்லாதபட்சத்தில், அந்த வழுவும் மாறாமல் அப்படியேதான் இருக்கும். பாதுகாப்புத் திருத்தங்களைப் புதுப் பதிப்பிலிருந்து வெட்டியெடுத்துப் பழைய பதிப்புக்குள் ஒட்டித் தருவார்கள். பதிப்பு எண்ணின் வாலில் 'டெப்12யு3' என்கிற மாதிரி ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், ஒட்டுப் போட்டதற்கான அடையாளம் அது. அதனால் பழைய எண்ணைப் பார்த்ததும் ஓட்டை உள்ள மென்பொருள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

டெபியன் அந்த நிலைக்கு வருகிற வழியும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பேக்கேஜ், அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள், முதலில் அன்ஸ்டேபிள் என்கிற கிடங்கில் விழும். அதன் செல்லப்பெயர் சித். எல்லா வெளியீட்டுக்கும் டாய் ஸ்டோரி பாத்திரங்களின் பெயர்தான் வைப்பார்கள், சித் அந்தக் கதையில் பொம்மைகளை உடைக்கிற பையன். அங்கே வழக்கமாக ஐந்து நாள் போல இருந்து, பெரிய புகார் வராவிட்டால் டெஸ்டிங்குக்கு நகரும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை டெஸ்டிங்கை உறைய வைத்து, புதுசு எதையும் உள்ளே விடாமல், இருக்கிற வழுக்களை மட்டும் மாதக்கணக்கில் களைவார்கள். டெபியன் 13-க்கு, அதாவது ட்ரிக்ஸிக்கு, 2025 மார்ச் நடுவில் உறைவு ஆரம்பித்து ஆகஸ்ட் 9-ஆம் தேதி வெளியீடு வந்தது. கிட்டத்தட்ட ஐந்து மாதம். ஆக, வெளிவருகிற அன்றே அதிலுள்ள மென்பொருளுக்கு ஏறக்குறைய அரை வயது. அடுத்த வெளியீடு வருவதற்குள் இரண்டரை வயதாகிவிடும்.

இது பெரிய விஷயமா என்று கேட்டால், ஒரே ஒரு மென்பொருளை எடுத்துக்கொண்டு அது யார் கைக்கு எப்போது வந்தது என்று பார்ப்போம். கேடிஇ பிளாஸ்மா என்கிற டெஸ்க்டாப்பின் 6-ஆம் பதிப்பு வெளியானது 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி. ஆர்ச், டம்பிள்வீட் மாதிரி, தனித்தனி வெளியீடு இல்லாமல் தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிற ரோலிங் வகைகளுக்கு அடுத்த மாதமே வந்துவிட்டது. ஃபெடோரா 40-இல் ஏப்ரலில் வந்தது. அதே ஏப்ரலில் வந்த குபுண்டு (கேடிஇ வைத்த உபுண்டு) 24.04 எல்.டி.எஸ், அதாவது நீண்ட கால ஆதரவு உள்ள வெளியீடு, கையெட்டும் தூரத்தில் 6 இருந்தும், 5.27-ஐயே வைத்துக்கொண்டது. டெபியன் ஸ்டேபிள்காரர்கள் 2025 ஆகஸ்ட் வரை, ஒன்றரை வருஷம், காத்திருந்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது 6.0 இல்லை, 6.3.6. நடுவில் வந்த நூற்றுக்கணக்கான திருத்தங்களும் சேர்ந்தே வந்தன. பேனல் இடம் மாறியது, இரண்டாவது மானிட்டர் நினைவில் நிற்கவில்லை என்கிற மாதிரிச் சில்லறைத் தொந்தரவுகளை முதல் மாதத்தில் வாங்கியவர்கள் பட்டுத் தீர்த்த பிறகு இவர்களுக்கு வந்தது. இதில் யார் புத்திசாலி என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் வாங்கிப் புகார் எழுதியவர்கள் இல்லையென்றால் 6.3.6 அவ்வளவு நன்றாக இருந்திருக்காது, அவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே மரியாதை உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று மட்டும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் அக்கா கடைக் கதையைச் சொல்கிறேன், என் கருத்து பாதிக்கு மேல் அங்கிருந்துதான் உருவானது. ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற சின்னக் கடை. ஒரே கணினி, ஒரு பழைய லேசர் பிரிண்டர். அந்த பிரிண்டருக்குத் திறந்தநிலை டிரைவர் மட்டும் போதாது, தயாரித்த நிறுவனம் தரும் ஒரு மூடிய பிளக்இன்னும் வேண்டும். டிரைவரின் பதிப்பு எண்ணும் பிளக்இன்னின் பதிப்பு எண்ணும் கடைசிப் புள்ளிவரை ஒன்றாக இருந்தால்தான் காகிதம் நகரும். நான் அப்போது ஆர்வக்கோளாறில் அடிக்கடி அப்டேட் வருகிற ஒரு டிஸ்ட்ரோவை அதில் போட்டிருந்தேன். ஒரு நாள் காலை டிரைவர் தானாகப் புதுப் பதிப்புக்குப் போய்விட்டது, பிளக்இன் பழையதாகவே நின்றுவிட்டது. அன்றைக்கு ஏதோ தேர்வுக்கான ஹால் டிக்கெட் எடுக்கக் கடை வாசலில் பத்துப் பதினைந்து பிள்ளைகள். அக்கா போனில், "தம்பி, பிரிண்ட் கொடுத்தா க்யூவுல நிக்குது, வெளிய வரமாட்டேங்குது" என்றாள். நான் அலுவலகத்திலிருந்து போனிலேயே ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி அவளை டைப் அடிக்க வைத்து, பிளக்இன்னை மறுபடி இறக்கி, சரியாவதற்குள் ஒரு மணி நேரம். பிள்ளைகள் பாதிப் பேர் பஸ் ஏறி அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். யார் மேலும் குற்றமில்லை. டிஸ்ட்ரோ சொன்னபடிதான் நடந்துகொண்டது, அதை அந்த இடத்தில் போட்டது என் தப்பு. அந்த வாரமே டெபியன் 12 போட்டேன். டிரைவர் எந்தப் பதிப்பில் இருந்ததோ அதே பதிப்பில் இன்றுவரை இருக்கிறது, பிரிண்டரும் ஓடுகிறது.

ஸ்டேபிள் என்றால் மாறாது என்று சொன்னேனே, அதன் விலைமதிப்பு எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான். அக்காவுக்குப் புது ஐகான் வேண்டாம், புது அனிமேஷன் வேண்டாம், நேற்று எங்கே கிளிக் செய்தாளோ இன்றும் அங்கேயே அந்தப் பொத்தான் இருக்க வேண்டும்.

சரி, அப்படியென்றால் எல்லோரும் டெபியனே போட்டுவிடலாமா? இல்லை, இங்கேதான் மெஷினின் வயது உள்ளே வருகிறது. லினக்ஸில் டிரைவர்களில் பெரும்பாலானவை கர்னல் என்கிற மையப் பகுதிக்குள்ளேயே இருக்கின்றன, புதுக் கர்னல் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. போன மாதம் சந்தைக்கு வந்த லேப்டாப்பின் வைஃபை சிப், சவுண்ட், டச்பேட் இதையெல்லாம் இரண்டு வருஷம் பழைய கர்னலுக்கு அடையாளமே தெரியாமல் போக வாய்ப்புண்டு. கிராஃபிக்ஸ் என்றால் கர்னல் மட்டும் போதாது, மேசா என்கிற தொகுப்பும் ஃபர்ம்வேர் கோப்புகளும் கூடவே புதுசாக இருக்க வேண்டும். உதாரணம்: ஏஎம்டி ஆர்எக்ஸ் 9070 கார்டு 2025 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. அப்போது ஸ்டேபிளாக இருந்த டெபியன் 12-இல் கர்னல் 6.1, மேசா 22.3. இரண்டுமே அந்தக் கார்டு பிறப்பதற்கு வெகு முன்னால் எழுதப்பட்டவை. ஐந்து மாதம் கழித்து டெபியன் 13-இல் கர்னல் 6.12, மேசா 25.0 என்று வந்தபோதுதான் ஸ்டேபிள் பக்கம் அதற்கு வழி திறந்தது. ஆகவே மெஷின் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்றால், டெபியன் ஸ்டேபிளின் இரண்டு வருஷச் சுற்றில் இப்போது எங்கே நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும். வெளியீடு வந்த புதிதில் பிரச்சினை குறைவு, சுற்றின் கடைசியில் வாங்கிய லேப்டாப்புக்குத்தான் திண்டாட்டம். புதுப் பதிப்புகளைப் பழைய வெளியீட்டுக்காகக் கட்டித் தருகிற பேக்போர்ட்ஸ் வழியாகப் புதுக் கர்னல் எடுக்கலாம், டெபியன் 12-க்கும் 6.12 அப்படிக் கிடைத்தது, ஆனால் முதல்முறை லினக்ஸ் போடுகிறவரை அங்கே அனுப்ப எனக்கு மனம் வராது.

புது லேப்டாப்புக்கு நான் சொல்வது ஃபெடோரா. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளியீடு. 2025-இல் 42 ஏப்ரல் 15-ஆம் தேதி, 43 அக்டோபர் 28-ஆம் தேதி. ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாத ஆதரவு, அதனால் வேண்டுமானால் ஒன்றைத் தாண்டிக் குதித்து வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் மேம்படுத்திக்கொள்ளலாம். நல்ல விஷயம் என்னவென்றால், ஒரே வெளியீட்டுக்குள்ளேயே கர்னலும் மேசாவும் நகர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் ஜினோம் டெஸ்க்டாப் மாதிரி கண்ணுக்குத் தெரிகிற பகுதிகள் அந்த ஆறு மாதத்துக்கு அப்படியே நிற்கும். ஹார்டுவேருக்குப் புதுசு, பழக்கத்துக்குப் பழசு. இந்தப் பங்கீடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. லினக்ஸ் டெஸ்க்டாப்பில் பெரிய மாற்றம் எது வந்தாலும் பெரும்பாலும் முதலில் அங்கேதான் இறங்கும். திரையில் ஜன்னல்களைக் காட்டுகிற புது முறையான வேலண்டை இயல்பாக வைத்தது 2016-இல் ஃபெடோரா 25, பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையை வைத்தது 2020-இல் 33, ஒலியைக் கையாண்ட பல்ஸ்ஆடியோவின் இடத்தில் பைப்வயரைக் கொண்டுவந்தது 2021-இல் 34. இந்த மூன்றும் இன்று நன்றாக ஓடுகின்றன, ஆனால் இறங்கிய வாரத்தில் அந்த மெஷினில் ஆன்லைன் நேர்காணல் வைத்திருந்தவருக்கு அது ஆறுதல் இல்லை. புது வெளியீடு வந்த அன்றே போடாமல் மூன்று நான்கு வாரம் பொறுத்துப் போட்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும், பழைய வெளியீட்டுக்கு ஆதரவு இருக்கும்போது அவசரப்பட ஒரு காரணமும் இல்லை. காப்புரிமைச் சிக்கலால் சில வீடியோ கோடெக்குகளை ஃபெடோரா தன்னோடு தருவதில்லை, ஆர்பிஎம் ஃப்யூஷன் என்கிற தனிக் களஞ்சியத்திலிருந்து போட்டுக்கொள்ள வேண்டும், முதல் நாளே அதை முடித்துவிடுங்கள். அங்கிருந்தே என்விடியா டிரைவர் போட்டிருந்தால் இன்னொன்றும் உண்டு: ஒவ்வொரு புதுக் கர்னலுக்கும் அந்த டிரைவரின் மாட்யூல் உங்கள் மெஷினிலேயே பின்னணியில் கட்டப்படும், அதற்குச் சில நிமிடம் பிடிக்கும். அப்டேட் முடிந்த கையோடு ரீஸ்டார்ட் அடித்தால் கறுப்புத் திரையில் போய் நிற்க வாய்ப்பிருக்கிறது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து அடியுங்கள்.

உபுண்டுவை ஒரே டிஸ்ட்ரோ என்று நினைக்காமல் இரண்டு என்று நினைத்துக்கொண்டால் நல்லது. இரண்டு வருஷத்துக்கு ஒரு ஏப்ரலில் வருகிற எல்.டி.எஸ் ஒன்று, நடுவில் ஆறு மாதத்துக்கு ஒன்றாக வருகிற இடைக்கால வெளியீடுகள் இன்னொன்று. இடைக்காலத்துக்கு ஆதரவு வெறும் ஒன்பது மாதம், அது அடுத்த எல்.டி.எஸ்ஸுக்கான சோதனைக்களம். 17.10-இல் வேலண்டை இயல்பாக வைத்துப் பார்த்தார்கள், 18.04 எல்.டி.எஸ்ஸில் மறுபடி பழைய முறையான எக்ஸ்ஆர்க்குக்கே திரும்பினார்கள், 21.04-இல்தான் மீண்டும் வேலண்டு வந்தது. 2025 அக்டோபரில் வந்த 25.10-இல் கோர்யூட்டில்ஸ் என்கிற அடிப்படைக் கட்டளைத் தொகுப்பையே ரஸ்ட் மொழியில் எழுதிய பதிப்பாக மாற்றினார்கள். அதில் 'டேட்' கட்டளையிலிருந்த ஒரு வழுவால், அப்டேட் வந்திருக்கிறதா என்று தானாகச் சரிபார்க்கிற வேலை சில மெஷின்களில் ஓசையில்லாமல் நின்றுபோனது. பிழைச் செய்தி எதுவும் வராது, அப்டேட்டும் வராது. கவனித்துத் திருத்திவிட்டார்கள், ஆனால் எல்.டி.எஸ்ஸில் இருந்தவர்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. சோதனையில் பங்கெடுக்க விருப்பம் இருந்தால் இடைக்காலம் போடுங்கள், அது நல்ல காரியம். இல்லையென்றால் பக்கமே போக வேண்டாம். ஒன்பது மாதக் கெடு உங்களை விரட்டிக்கொண்டே இருக்கும், ஃபெடோராவின் 13 மாதம் தருகிற அவகாசம்கூட அதில் கிடையாது.

எல்.டி.எஸ்ஸில் எனக்குப் பிடித்தது அதன் கர்னல் ஏற்பாடு. 24.04 வந்தபோது கர்னல் 6.8. 24.04.2-இல் 6.11, 24.04.3-இல் 6.14 என்று டெஸ்க்டாப்புக்குப் புதுக் கர்னல் வந்துகொண்டே இருந்தது, மேலே ஜினோம் 46 அசையவில்லை. டெபியனின் நிதானத்துக்கும் ஃபெடோராவின் ஹார்டுவேர் ஆதரவுக்கும் நடுவில் ஒரு இடம் அது. பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி: ஐந்து வருஷ இலவசப் பாதுகாப்பு 'மெயின்' பகுதியிலுள்ள பேக்கேஜ்களுக்குத்தான் உறுதி. விஎல்சி மாதிரி எத்தனையோ மென்பொருள்கள் 'யுனிவர்ஸ்' பகுதியில் இருக்கின்றன, அவற்றுக்குத் தொடர்ந்து திருத்தம் வேண்டுமென்றால் உபுண்டு ப்ரோவில் பதிய வேண்டும். தனிநபருக்கு ஐந்து மெஷின் வரை இலவசம், பத்து வருஷம் வரை ஆதரவு நீளும், ஆகவே எல்.டி.எஸ் போட்டால் அதையும் சேர்த்தே செய்துவிடுங்கள். டெபியனில் இந்தப் பாகுபாடு இல்லை.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் கேரளாவைப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிகளுக்காக கைட் அமைப்பு தருகிற லினக்ஸ் உபுண்டு எல்.டி.எஸ் மேல் கட்டப்பட்டது. பாடப்புத்தகத்தில் அச்சான ஸ்கிரீன்ஷாட்டும் வகுப்பில் இருக்கிற திரையும் பொருந்த வேண்டுமே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிற எதையும் அங்கே வைக்க முடியாது.

லினக்ஸ் மின்ட் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், உபுண்டு எல்.டி.எஸ் அடித்தளம், மேலே விண்டோஸில் பழகியவருக்குக் கூச்சம் தராத சின்னமன் டெஸ்க்டாப். மின்ட் 22 வரிசை முழுவதும் 24.04 மேல் நிற்கிறது, 2029 வரை ஓடும். 22-லிருந்து அவர்களும் அந்தப் புதுக் கர்னல் வரிசையைப் பின்பற்றுகிறார்கள், முன்பு மின்ட் மேல் எனக்கு இருந்த பெரிய குறை அதனால் போய்விட்டது. கணினியின் அன்றைய நிலையை ஸ்நாப்ஷாட்டாக எடுத்து வைத்து, வேண்டும்போது மீட்டுத் தருகிற டைம்ஷிஃப்ட் கூடவே வரும், முதல் நாளே வெளி டிரைவிலோ காலியான பார்ட்டிஷனிலோ ஸ்நாப்ஷாட் எடுக்கச் சொல்லி அமைத்துவிடுங்கள். அப்பா, அம்மா, பெரியப்பா மெஷின் என்றால் யோசிக்காமல் இதைத்தான் போடுகிறேன்.

அப்புறம் ரோலிங். வெளியீடு என்ற ஒன்றே கிடையாது, ஆற்றுத் தண்ணீர் மாதிரி வந்துகொண்டே இருக்கும். ஆர்ச் இதில் ரொம்பப் பெயர்பெற்றது, அதன் விக்கியை நான் டெபியன் மெஷினுக்குக்கூடப் புரட்டுகிறேன், அவ்வளவு நல்ல ஆவணம் வேறெங்கும் இல்லை. ஆனால் ஆர்ச்சோடு ஒரு ஒப்பந்தம் இருக்கிறது: மொத்தமாக அப்டேட் செய்ய வேண்டும், பாதியை மட்டும் ஏற்றக்கூடாது, செய்வதற்கு முன் அவர்கள் முகப்புப் பக்கச் செய்தியைப் படிக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் கணினியைத் தொடக்கிவைக்கிற க்ரப் பூட்லோடருக்கு ஒரு அப்டேட் வந்தது. புது அமைப்புக் கோப்பும் டிஸ்கில் ஏற்கெனவே பதிந்திருந்த பழைய க்ரப்பும் ஒத்துப்போகாமல் நிறையப் பேருக்கு மெஷின் பூட்டே ஆகவில்லை. யூஎஸ்பியில் பூட் செய்து, உள்ளே போய், க்ரப்பை மறுபடி பதிந்தால் பத்து நிமிட வேலை. அதை அப்படிச் செய்யத் தெரிந்தவருக்குப் பத்து நிமிடம், தெரியாதவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும்.

என் அனுபவமும் இருக்கிறது. ரோலிங் வகை ஒன்றைப் போட்ட பழைய லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு இரண்டரை மாதம் வெளியூர் வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து அப்டேட் கொடுத்தால் ஆயிரத்துச் சொச்சம் பேக்கேஜ், பாதியில் கையொப்பச் சாவி பழசாகிவிட்டது என்று மறுத்துவிட்டது. சாவித் தொகுப்பை முதலில் புதுப்பித்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. ரோலிங்கை வாரம் ஒருமுறை, குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொட முடிகிறவர் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அலமாரியில் கிடந்து எப்போதாவது எடுக்கிற மெஷினுக்கு அது ஆகவே ஆகாது.

ரோலிங்தான் வேண்டும் என்கிறவருக்கு ஆர்ச்சைவிட ஓபன்சூசே டம்பிள்வீடைச் சொல்வேன். வருகிற ஒவ்வொரு தொகுப்பையும் ஓபன்கியூஏ என்கிற தானியங்கிச் சோதனை, மனிதர் உட்கார்ந்து கிளிக் செய்கிற மாதிரியே, பூட் செய்து இன்ஸ்டால் செய்து டெஸ்க்டாப்பைத் திறந்து பார்க்கும், தேறினால்தான் வெளியே விடும். அதற்கு மேல் ஒவ்வொரு அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் பிடிஆர்எஃப்எஸ் ஸ்நாப்ஷாட் எடுத்து வைக்கும். உடைந்தால் பூட் மெனுவில் நேற்றைய நிலையைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம். சில்வர்புளூ மாதிரி மொத்தக் கணினியையும் ஒரே இமேஜாக மாற்றித் தருகிற ஃபெடோரா வகைகளும் இதே தைரியத்தைத் தருகின்றன. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் என்கிற கேம் கருவியில் இருக்கிற ஸ்டீம்ஓஎஸ்ஸுக்கு அடித்தளம் ஆர்ச்தான், ஆனால் வால்வ் அதை ஒரு கட்டத்தில் நிறுத்திச் சோதித்து இமேஜாக அனுப்புகிறது, அதனால் அதை வாங்கி விளையாடுகிற பையனுக்கு உள்ளே ஆர்ச் இருப்பதே தெரியாது. மென்பொருளின் வயது ஒரு விஷயம், அதை உங்களிடம் கொடுப்பதற்கு முன் யார் எவ்வளவு சோதித்தார்கள் என்பது வேறொரு விஷயம். ஒப்பிடும்போது பலரும் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள்.

பாதுகாப்பு என்று வந்தால் எது மேல்? 2024 மார்ச் 29-ஆம் தேதி ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்கிற பொறியாளர் வெளியிட்ட செய்தியை மறக்க முடியாது. தூரத்திலிருக்கிற கணினிக்குள் நுழைய உதவுகிற எஸ்எஸ்ஹெச்சில் லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவது ஏன் என்று நோண்டப் போய், கோப்புகளைச் சுருக்குகிற எக்ஸ்இசட் என்கிற மென்பொருள் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் திருட்டுக் கதவு ஒளித்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். அந்தப் பதிப்புகள் டெபியன் அன்ஸ்டேபிளுக்கும் டெஸ்டிங்குக்கும், டம்பிள்வீடுக்கும், அப்போது வெளிவராமல் இருந்த ஃபெடோரா 40-க்கும், ஆர்ச்சுக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. ஆர்ச்சில் எஸ்எஸ்ஹெச் அந்த நூலகத்தோடு இணைக்கப்படாததால் அந்த வழியாகப் பாதிப்பு இல்லை. டெபியன் ஸ்டேபிளில் இருந்தது 5.4, அங்கே எதுவுமே நடக்கவில்லை. உபுண்டு 24.04-இன் பீட்டாவை ஒரு வாரம் தள்ளிவைத்து பேக்கேஜ்களை மறுபடி கட்டினார்கள்.

இதை வைத்துப் பழசுதான் பத்திரம் என்று நான் முடித்துவிட்டால் அது நேர்மையில்லை. 2023 டிசம்பரில் டெபியன் 12.3 வரவேண்டிய நாளில், அதில் போகவிருந்த 6.1.64 கர்னலில் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையிலுள்ள கோப்புகளையே கெடுக்கக்கூடிய வழு இருப்பது தெரியவந்தது. புதுக் கர்னலிலிருந்து ஸ்டேபிள் கர்னலுக்குள் ஒட்ட எடுத்த ஒரு திருத்தம், அதற்குத் துணையாக வரவேண்டிய இன்னொரு மாற்றம் இல்லாமல் தனியாக வந்ததுதான் காரணம். 12.3-ஐ நிறுத்திவிட்டு டிசம்பர் 10-ஆம் தேதி நேராக 12.4 என்று வெளியிட்டார்கள். புதுசில் சரியாக ஓடுகிற திருத்தத்தைப் பழசில் ஒட்டுவதும் ஆபத்தில்லாத வேலை கிடையாது. எதைப் போட்டாலும் வெளி டிரைவில் பேக்கப் இல்லாமல் அப்டேட் பொத்தானை அழுத்தாதீர்கள்.

நடுவழி என்று டெபியன் டெஸ்டிங்கைப் பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்டேபிளுக்கு வருகிற வேகத்தில் அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும் என்று உறுதியில்லை, அன்ஸ்டேபிளிலிருந்து நகர்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டும், நடுவில் ஏதாவது நூலக மாற்றத்தில் மாட்டிக்கொண்டால் வாரக்கணக்கிலும் நிற்கும். உறைவு மாதங்களில் அது அருமையாக ஓடும். ஸ்டேபிள் வெளிவந்த மறுவாரம் அணை திறந்த மாதிரி எல்லாம் உள்ளே வரும்.

எனக்குத் தெரிந்த நல்ல நடுவழி வேறு. உங்களுக்கு உண்மையில் எத்தனை மென்பொருள் புதுசாக வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தபோது வந்தது நான்கு: இங்க்ஸ்கேப், ஓபிஎஸ், கேடென்லைவ், லிப்ரேஆபீஸ். பிரவுசர் பட்டியலிலேயே வராது, ஸ்டேபிளிலும் ஃபயர்ஃபாக்ஸ் ஈஎஸ்ஆரும் குரோமியமும் அவ்வப்போது புதுப்பிக்கப்படுகின்றன. இந்த நான்குக்காகக் கர்னலையும் பிரிண்டர் டிரைவரையும் சிஸ்டம்டியையும் வாரம் ஒருமுறை அசைப்பானேன்? கீழே டெபியனோ மின்டோ அப்படியே இருக்கட்டும், மேலே ஃபிளாட்ஹப் என்கிற தளத்திலிருந்து நான்கையும் ஃபிளாட்பேக்காக, அதாவது கணினியின் மற்ற பேக்கேஜ்களைத் தொடாமல் தனியாக நிற்கிற தொகுப்பாக, எடுத்துக்கொள்ளலாம். டெபியன் 12-இல் இங்க்ஸ்கேப் 1.2-தான், ஆனால் 1.4 வந்ததும் ஃபிளாட்பேக்கில் எடுத்து வேலை பார்த்தேன், கீழே ஒரு பேக்கேஜ்கூட அசையவில்லை.

இதிலும் சில உறுத்தல்கள் உண்டு. முதல் ஃபிளாட்பேக் போடும்போது அதன் அடித்தளத் தொகுப்பும் சேர்ந்து இறங்கும், மொபைல் டேட்டாவில் இருப்பவர் கவனிக்க வேண்டும். கோப்பு அனுமதி கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால் பென்டிரைவில் இருக்கிற படம் சில செயலிகளுக்குக் கண்ணில் படாது, ஃபிளாட்சீல் என்கிற சின்னக் கருவியில் அனுமதி கொடுத்தால் சரியாகும். தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் ஐபஸ்ஸோ எஃப்சிட்டிக்ஸோ எது வைத்திருந்தாலும், அந்தந்த ஃபிளாட்பேக்கில் நான்கு வரி அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் பழைய பேக்கேஜை நீக்குங்கள்.

இப்போது கூப்பிடுகிறவர்களிடம் இப்படித்தான் பிரித்துச் சொல்கிறேன். மூன்று நான்கு வருஷப் பழைய மெஷின், அன்றாட வேலை அதில்தான் என்றால் மின்ட், கொஞ்சம் பழகியவரானால் டெபியன் ஸ்டேபிள், இரண்டிலும் ஃபிளாட்பேக். புது லேப்டாப் என்றால் முதலில் ஃபெடோராவை யூஎஸ்பியில் லைவாக ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். வைஃபை பிடிக்கிறதா, சவுண்ட் வருகிறதா, மூடித் திறந்தால் எழுந்துகொள்கிறதா, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று இந்த நான்கையும் பார்த்த பிறகு இன்ஸ்டால். மின்டின் லைவிலும் இதே நான்கும் தேறிவிட்டால் ஃபெடோராவே வேண்டாம், மின்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். மென்பொருள் எழுதுகிறவர், புதுக் கம்பைலர் வேண்டும், உடைந்தால் சரிசெய்வதும் பிடிக்கும் என்றால் டம்பிள்வீட். கற்றுக்கொள்ளத்தான் போடுகிறேன் என்கிறவருக்கு ஆர்ச், ஆனால் வீட்டில் இன்னொரு மெஷின் இருக்க வேண்டும்.

அக்கா கடைக் கணினி இன்னும் டெபியன் 12-இல்தான் இருக்கிறது. வழக்கமான ஆதரவு 2026 ஜூன் வரை, அதற்குப் பின் எல்.டி.எஸ் குழுவின் ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. 13-க்கு மாற்றும்போது பிரிண்டர் டிரைவர் பதிப்பும் மாறும், பிளக்இன்னும் கூடவே மாற வேண்டும். அதனால் அந்தப் பிளக்இன் கோப்பை முன்கூட்டியே இறக்கிப் பென்டிரைவில் வைத்துவிட்டேன். கடைக்கு இரண்டு நாள் விடுமுறை சேர்ந்து வருகிற வாரத்தில், தேர்வு அறிவிப்பு எதுவும் இல்லாத மாதமாகப் பார்த்து, நானே நேரில் போய் உட்கார்ந்து மாற்றப் போகிறேன். வேலை முடிந்து டெஸ்ட் பேஜ் வெளியே வந்த பிறகுதான் ஊருக்குக் கிளம்புவேன்.